படிக்கட்டில் திரும்பாத படம்

எட்டு மாதமாக வரைந்த ஆறடிப் படம் படிக்கட்டில் திரும்பவில்லை. கட்டடத்தை வாங்கிய புது முதலாளி, லிஃப்ட் வைக்கிறேன் என்று படிக்கட்டின் பாதி அகலத்தைச் சுவர் எழுப்பி அடைத்திருந்தார். லிஃப்ட் வந்தபாடில்லை. மேல்முனையை ஓவியரும் கீழ்முனையை அவர் தங்கையும் பிடித்தபடி இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சாய்ச்சுப் பாருக்கா."

"சாய்ச்சாச்சு, நிமித்தியாச்சு. இனி நான்தான் தலைகீழா நிக்கணும்."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, மூச்சுதான் வரவில்லை. "அம்பத்தெட்டு வயசுல இதெல்லாம் தேவையாக்கா? எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதானே கெடக்கு. சின்னச் சின்னதா வரைஞ்சிட்டு நிம்மதியா இரேன்."

ஓவியர் இங்கே குடிவந்தபோது தெருவில் ஒன்பது ஓவியக் காலரிகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் காபிக் கடையாகவும் ஜிம்மாகவும் மாறி, எதிர்வரிசையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நாளை அங்கேதான் அவருடைய கண்காட்சி.

படத்தை மறுபடி மேலே ஏற்றினார்கள். ஓவியர் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பாதியிலேயே கை மரத்துப்போனது, உதறிவிட்டுத் தொடர்ந்தார். சுருட்டிய துணியை அவர் தோளில் போட்டுக்கொள்ள, கழற்றிய சட்டங்களைத் தங்கை தூக்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்த காலரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "எப்படிச் சொல்றதுன்னே தெரியல. மாசக் கடைசியோட மூடுறேன். இங்க கண் ஆஸ்பத்திரி வருது. உங்களோடதுதான் கடைசி ஷோ."

ஓவியர் தோள்சுமையைச் சுவரோரம் இறக்கிவைத்தார். பிறகு, "சரி சார். சுத்தியல் இருக்கா?" என்றார்.

துணியை விரித்துப் பார்த்தால், நீல வர்ணம் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்திருந்தது. ஓவியர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்குத் தெரியப்போகுது, விடுக்கா."

"எனக்குத் தெரியும்ல."

தங்கை திரும்பிப் போய் மூன்று மாடி ஏறி, வர்ண டப்பாக்களை எடுத்து வந்தாள். சாயங்காலத்துக்குள் நீலம் சரியாகிவிட்டது.

கண்காட்சிக்கு அதிகம் பேர் வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் காபி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஏழு நாளும் ஓவியர் படத்துக்கு எதிரே போட்ட நாற்காலியை விட்டு நகரவில்லை.

இப்போது அந்த மாடியைக் காலி செய்துவிட்டு, வரைவதற்காக இரண்டு பஸ் மாறி, ஓர் அச்சகத்தின் பின்னறைக்குப் போகிறார். போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. அந்த அறையில் வெயில் வெளிச்சம் காலை பதினொரு மணி வரைதான். அதற்குள் முடிந்தமட்டும் வரைகிறார்.