கதிர்க்காரி

மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பது அவர் தொழில். பழைய நோட்டு சேர்ப்பது அவர் பைத்தியம். "ஊரெல்லாம் செல்லுற காசைத் தேடி ஓடுது. என் வீட்டுக்காரர் மட்டும் செல்லாக்காசைத் தேடி ஓடறார்" என்று அவருடைய மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆல்பத்தைத் திறந்து வைத்தால் நாட்டின் கதை அவருக்குத் தானாக விரியும். போர் வந்தபோது காகிதம் மெலிந்திருந்தது. ஆட்சி கவிழ்ந்த வருடத்தில் பழைய தலைவரின் முகத்தின் மேலேயே அவசரமாக முத்திரை குத்தியிருந்தார்கள். பாடப்புத்தகம் பூசி மெழுகியதையெல்லாம் நோட்டு போட்டு உடைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

அந்தப் பாடப்புத்தகத்தில் நான்கே வரியில் முடிந்துபோன காலம் ஒன்று உண்டு. 'நிர்வாகச் சீரமைப்புக் காலம்' என்று அதற்குப் பெயர். மக்கள் அப்படிச் சொல்வதில்லை. "அந்த ஒன்பது வருஷம்" என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. அது முடிந்தபோது அவருக்குப் பதினான்கு வயது.

அந்தக் காலத்துப் பத்து நோட்டைத் தெரியாதவர் கிடையாது. வயல்வெளி, நடுவில் கதிர்க்கட்டைத் தோளில் சாய்த்து நிற்கும் ஒரு பெண். அதனால் அந்த நோட்டுக்கே 'கதிர்க்காரி' என்று பெயராகிவிட்டது. "ஒரு கதிர்க்காரி இருந்தா குடுப்பா, நாளைக்குத் தரேன்" என்பார்கள். கோடிக்கணக்கில் அச்சடித்த நோட்டு. சேகரிப்பவர்கள் சீந்தவே மாட்டார்கள். அவரும் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தார்.

ஒரு மழைநாளில் கடைக்கு ஆள் வரவில்லை. பழைய நோட்டு வியாபாரி சும்மா கொடுத்திருந்த ஒரு கட்டைப் பிரித்து, வருடவாரியாக மேசையில் அடுக்கினார். எட்டு வருடம், எட்டு கதிர்க்காரிகள். பொழுது போகாமல் லென்ஸைக் கண்ணில் பொருத்திக் குனிந்தார்.

முதல் நோட்டில் அவளுக்கு முப்பது வயது இருக்கும். மூன்றாவதில் கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஐந்தாவதில் கண்ணுக்குக் கீழே இரண்டு கோடுகள், மயிரிழையை விட மெல்லியவை. எட்டாவதில் காதோரம் முடி வெளுத்திருந்தது.

அச்சுத் தகடு தேய்ந்ததால் அப்படித் தெரிகிறதோ என்று முதலில் நினைத்தார். தேய்ந்தால் கோடு அழியும், புதிதாக முளைக்காது. யாரோ ஒவ்வொரு வருடமும் புதுத் தகட்டில், வேண்டுமென்றே, அவளுக்கு வயதைக் கூட்டியிருக்கிறார்கள். கதிர்க்கட்டு, வயல், மேகம் எல்லாம் அப்படியே இருந்தன. அவளுக்கு மட்டும்தான் காலம் ஓடியிருந்தது.

சிறுவயதில் அவரே எத்தனை முறை அந்த முகத்தைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்திருப்பார்! அன்றிலிருந்து, கடைக்கு வருகிறவர்களின் கண்ணைப் பரிசோதிக்கும்போதெல்லாம் அவள்தான் எதிரில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. அவள் எதையோ கேட்கிறாள், என்னவென்று அவருக்குப் புரியவில்லை.

அரசு அச்சகத்தில் ஓய்வு பெற்றவர்களின் சங்கத்தில் விசாரித்தார். தகடு செதுக்கியவர் காலமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது என்றார்கள். மகள் இருந்தாள். ஒரு மாடியில் தையல் கடை வைத்திருந்தாள். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனார்.

அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அந்த நோட்டு எங்க வீட்ல தங்காது சார். வந்த கையோட அம்மா கடைக்குப் போய் மாத்திடுவாங்க. அது என் அத்தை. அப்பாவோட அக்கா."

"அவங்க இப்ப..."

"டீச்சரா இருந்தாங்க. ஆட்சி மாறின முதல் வருஷமே ஸ்கூல் வாசல்ல வெச்சு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. அப்பா ஏறாத ஆபீஸ் இல்ல. எல்லா இடத்துலயும் ஒரே பதில். அப்படி ஒருத்தரைப் பிடிக்கவே இல்லைன்னு."

இல்லவே இல்லை என்று சொல்லப்பட்டவளை, அந்தத் தம்பி அரசாங்கத்தின் காகிதத்திலேயே, அரசாங்கத்தின் மையிலேயே அச்சடித்திருக்கிறார். பிடித்துக்கொண்டு போனவர்களின் பையிலும் அவள் இருந்திருப்பாள்.

எட்டு நோட்டுகளையும் வரிசையாக வைத்து, லென்ஸை அவளிடம் கொடுத்தார். வயது கூடிக்கொண்டே போவது அவளுக்கும் புதிது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள், எட்டாவதில் வெகுநேரம் நின்றாள்.

"உள்ளே இருக்கறவங்களுக்குச் சீக்கிரம் வயசாகும்னு நினைச்சிருக்கார்" என்றாள். பிறகு, "ஒன்பதாவது எங்கே சார்?" என்று கேட்டாள்.

"அது வெளியே வரல. அச்சடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆட்சி போயிடுச்சு. எல்லாத்தையும் எரிச்சுட்டாங்கன்னு சொல்றாங்க."

"அந்தத் தகட்டுக்கு மட்டும் அப்பா நாலு மாசம் எடுத்துக்கிட்டார். வீட்ல யார்கிட்டயும் பேச்சே கிடையாது."

அந்த ஒன்பதாவது நோட்டு அவரைத் தூங்கவிடவில்லை. பார்க்கிற வியாபாரிகளிடமெல்லாம் சொல்லிவைத்தார். "கிணறு வெட்டறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, பூதம் வந்தா என்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் மனைவி. ஆனால் சிரிக்கவில்லை. அவளுக்கும் அந்த எட்டு முகங்களைப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை.

ஒன்றரை வருடம் கழித்து வியாபாரி போன் செய்தார். எங்கோ பழைய வங்கிக் கட்டடத்தை இடிக்கும்போது இரும்பு அலமாரியின் பின்னால் ஒரு உறை கிடைத்ததாம். வெளியிடுவதற்கு முன் கிளைகளுக்கு அனுப்பும் மாதிரி நோட்டு. ஓரத்தில் இரண்டு துளை, குறுக்கே 'மாதிரி' என்ற எழுத்து. வருடம் ஒன்பது.

வியாபாரியின் கடையிலேயே நின்றபடி லென்ஸ் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். வாங்கிக்கொண்டு நேராகத் தையல் கடைக்குப் போனார்.

கன்னம் ஒட்டியிருக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கோடு இல்லை. காதோரம் முடி கருகருவென்று இருந்தது. ஒன்பதாவது நோட்டில் அவளுக்கு மறுபடியும் முப்பது வயது.

மகள் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"கடைசி வருஷம் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார் சார். ஜெயில்லேருந்து விட்டவர். அப்பாவும் அவரும் ரூம்ல அரைமணி நேரம் பேசினாங்க. நான் வெளியில வீட்டுப்பாடம் எழுதிட்டிருந்தேன். வந்தவர் என்ன சொன்னார்னு அப்பா கடைசி வரைக்கும் வாயே திறக்கல." அவள் நோட்டின் மேல் விரலை வைத்தாள். "பிடிச்சுட்டுப் போன அப்பவே முடிச்சுட்டாங்க போல. அவங்களுக்கு வயசே ஆகல."

எட்டு வருடமாக ஒவ்வொரு கோடாகச் சேர்த்த வயது, அவள் வாழாத வயது. அது தெரிந்ததும் அந்தத் தம்பி உட்கார்ந்து, எல்லாவற்றையும் நான்கு மாதத்தில் திருப்பி எடுத்திருக்கிறார்.

உள்ளறையிலிருந்து அவளுடைய அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியவர். நாத்தனார் ஏதோ வெளிநாட்டில் இருக்கிறாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர். மகள் நோட்டை மறைக்கப் பார்த்தாள்.

"குடு" என்றார் அம்மா. கண்ணாடிக்காரர் லென்ஸைப் பிடித்துக் காட்டினார்.

"இவ இப்படித்தான் இருந்தா" என்றார் அம்மா. "எனக்குத் தெரியும். வந்தவர் போனதும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் சொல்லல, நான் கேக்கல. சொல்லிட்டா உண்மையாயிடுமேன்னு ரெண்டு பேருக்கும் பயம்."

நோட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போகத்தான் அவர் வந்திருந்தார். அம்மா அதை அவர் கையில் திருப்பி வைத்தார்.

"பெட்டியில வெச்சுப் பூட்டறதுக்கா அவர் இதைச் செஞ்சார்? நாலு பேர் பாக்கற இடத்துல வைங்க தம்பி. ஒன்பதையும் சேர்த்து வைங்க."

சேகரிப்பாளர்கள் சங்கம் வருடாந்தரக் கண்காட்சிக்கு ஒரு மேசை கொடுத்தது. ஒன்பது நோட்டுகளையும் வைத்து, பக்கத்தில் லென்ஸை நூலில் கட்டித் தொங்கவிட்டார். டீச்சராக இருந்தவர், முதல் வருடத்தில் பிடித்துச் செல்லப்பட்டவர் என்று மட்டும் எழுதி வைத்தார். "அட, நம்ம கதிர்க்காரி!" என்று சிரித்துக்கொண்டே வந்தவர்கள், ஒன்பதாவது நோட்டுக்கு வந்ததும் திரும்பிப் போய் முதல் நோட்டைப் பார்த்தார்கள்.

மாலையில் வயதான ஒருவர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவராம்.

"அந்த ஒன்பது வருஷமும் பஸ்லதான் இருந்தேன். தினமும் நூறு தடவையாவது இவங்களை மடிச்சு விரல் இடுக்குல சொருகியிருப்பேன்" என்றார்.

பிறகு தன் இடது கையை விரித்து, விரல்களுக்கு நடுவே பார்த்தபடி அப்படியே நின்றார்.