பெஹாலா பஸ்ஸில் பதினோரு நிமிஷம்

காளிகாட் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும், இனி என் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்காமல் போகட்டும்.

போன மஹாளயத்துக்கு எட்டு நாள் முன்பு, பவானிபூரிலிருந்து பெஹாலா போகும் பஸ்ஸில் நான் இறந்துபோனேன். ஜன்னலோர ஸீட். கண்டக்டர், "தாது, டிக்கெட்!" என்று, தாத்தா என்பதை வங்காள பாஷையில் சொல்லி, இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் நான் போய்ச் சேர்ந்திருந்தேன். டிக்கெட் எடுக்கவில்லையே என்ற உறுத்தல் மட்டும் கூடவே வந்தது.

போன இடத்தில் எண்ணெய்க் கொப்பரை கிடையாது, எருமை கிடையாது. சாந்த்ராகாச்சி ரயில் யார்டைச் சாயம் போகத் துவைத்துக் காயப்போட்டால் எப்படியிருக்கும், அதுதான். கண்ணுக்கெட்டியவரை தண்டவாளம், எஞ்சின் இல்லாத பெட்டிகள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ஆத்மா. எல்லோரும் காலிலிருந்து மேல்நோக்கி அழிந்துகொண்டிருந்தார்கள். அழுகைச் சத்தம்கூட இல்லை. டீக்காரன் வராத ஸ்டேஷன். அதைவிட என்ன சொல்ல?

மூன்றாவது பெட்டியில் என் மனைவி ஜெயலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். அவள் போய் ஆறு வருஷம். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"வந்தாச்சா? குடை எங்கே?" என்றாள்.

"கால் எங்கேடி?"

"முதல்ல மெட்டி கழண்டு விழுந்தது. எடுத்துப் போட்டுக்கலாம்னு குனிஞ்சா, விரலைக் காணோம். கீழே யாராவது பேரைச் சொன்னா கொஞ்சம் திரும்பி வருமாம். யார் சொல்றா? அக்கம்பக்கத்துக்கு நான் மாஷிமா, அதாவது மாமி. ஜெய்ராமுக்கு அம்மா. உங்களுக்கு..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "'இந்தா', 'கேட்டியா', 'எங்கே தொலைஞ்சே'. நாப்பத்தேழு வருஷம்."

"பிள்ளை திவசத்துல சொல்றானே?"

"வருஷத்துக்கு ஒருதரம். சுண்டுவிரல் வரும், மறுநாள் போயிடும். அமாவாசைத் தர்ப்பணம்னா மாசாமாசம் சொல்லலாம். அப்பா உசிரோட இருக்கற வரைக்கும் அவனுக்கு அது கிடையாதே."

"அதான் செத்துட்டேனே!"

"எங்கே? உங்க வேஷ்டிக் கரை இன்னும் சாயம் போகாமப் பச்சையாத்தான் இருக்கு. எதையாவது முழுசாப் பண்ணியிருக்கேளா நீங்க?"

"ஜெயலக்ஷ்மி" என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். செத்த வாயில் அந்தப் பெயர் என்ன சரளமாக வந்தது! ஆனால் அங்கே சொன்னால் செல்லாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலும் போயிற்று. புடவையை இழுத்து மூடப் போனேன்; மூடுவதற்கு ஒன்றுமில்லை.

"திரும்பிப் போய் ஒருதரம் சொல்லிடுங்கோ. மஹாளயத்தன்னிக்கு, தண்ணில நின்னுண்டு. இடுப்புக்கு மேலயாவது தங்கும்."

அதற்குள் யாரோ என் நெஞ்சில் ஓங்கிக் குத்தினார்கள். கண்டக்டர். பதினோரு நிமிஷம் ஆகியிருந்ததாம். நான் கண்ணைத் திறந்ததும், "தாது, டிக்கெட்!" என்றார். எடுத்தேன்.

எட்டு நாளும் பழகிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால், மெட்ரோவில், மெஸ்ஸில் ரசத்துக்குக் காத்திருக்கும்போது. எழுத வந்தது; இதோ இங்கேயே எழுதியிருக்கிறேன், பாருங்கள். வாயைத் திறந்தால் மட்டும் 'இந்தா'. மெஸ்ஸில் பரிமாறும் வீரபாண்டியன் ஒவ்வொரு தடவையும் "என்ன சார், அப்பளமா?" என்று வந்து நின்றார். எட்டு நாளில் நான் தின்ற அப்பளத்துக்கு அளவில்லை.

மஹாளயத்தன்று காலை. கங்கையில் இடுப்பளவு தண்ணீர், கை நிறைய எள். எனக்கு வழக்கமாக மந்திரம் சொல்லிவைக்கும் ஸ்ரீநிவாஸ் சாஸ்திரிகள், என் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோரையும் முடித்துவிட்டு, "வேற யாராவது உண்டா மாமா?" என்று கேட்டார்.

"ஆம்படையாள்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பேரு?"

வாயைத் திறந்தேன். படியில் நூறு பேர் இறங்கக் காத்திருந்தார்கள். அக்கரைப் பக்கம் எங்கோ ஒரு பெட்டியில் அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பேரு மாமா, பேரு! தண்ணி ஏறறது பாருங்கோ."

"இந்தா" என்றேன்.

எள் விரலிடுக்கில் நழுவித் தண்ணீரோடு போயிற்று.

ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.