சொர்ணம்மாளின் வீடு ஊர்வலம் போனது

கொல்லம் ஆண்டு 1126, சித்திரை மாதம், இங்கிலீஷ் கணக்கில் 1951. ஒரு சனிக்கிழமை காலை சொர்ணம்மாளின் வீடு எங்கள் ஊர்த் தெருவில் நடந்து போனது. அதைத் தோளில் சுமந்த முப்பத்திரண்டு பேர் சாட்சி. அவர்களில் முப்பத்தொரு பேர் செத்துப்போனார்கள் என்பதற்காக மிச்சமிருக்கும் என்னைச் சந்தேகிக்கக் கூடாது.

ஊர் புதுக்கடைக்குத் தெற்கே இரண்டு மைல். அங்கே அர்ச்சிஷ்ட மிக்கேல் சகோதர சபை என்று ஒன்று இருந்தது. செத்த ஏழைக்குப் பெட்டி அடிப்பது, விதவை வீட்டுக்கு ஓலை மேய்வது, காய்ச்சல்காரருக்கு மருந்து வாங்க மார்த்தாண்டம்வரை நடப்பது எல்லாம் எங்கள் வேலை. இதற்குக் கிடைத்த கூலி ஒன்றுதான். திருநாளன்று, வாளேந்திய தேவதூதர் மிக்கேல் சம்மனசின் சப்பரத்தைச் சுமக்கும் உரிமை. முப்பத்திரண்டு தோள்கள், இரண்டு தேக்குத் தண்டுகள். வேறு எவனும் தொட முடியாது.

சபைக்குத் தலைவர் அல்போன்ஸ் முதலாளி. நல்ல மனிதர். ஏழைகள் என்றால் அவருக்கு உயிர். பக்கத்தில் மட்டும் இருக்கக் கூடாது. அந்த வருஷம் அவர், ஏழைகளுக்குத் தினமும் இலவசக் கஞ்சி ஊற்ற ஒரு கொட்டகை கட்டித் தருவதாகச் சபையில் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன். தம்முடைய தென்னை விளையில் ரோட்டு மூலையைக் கொட்டகைக்குத் தருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை அடிக்கல் என்றும் சொன்னார். கல்லில் அவர் பெயரைக் கொத்தியாகிவிட்டது.

அந்த மூலையில்தான் சொர்ணம்மாள் குடியிருந்தாள்.

அவள் புருஷன் அந்த விளைக்குப் பதினெட்டு வருஷம் காவல் கிடந்து, கடைசியில் அதிலேயே ஒரு தென்னையிலிருந்து விழுந்து செத்தவன். பெட்டி அடித்தது நாங்கள்தான். எட்டடிக்குப் பத்தடி வீடு, ஓலைக் கூரை, நான்கு மூலைக்கும் நான்கு தென்னந்தூண். அந்த வீட்டை விட்டால் அவளுக்கு ஒரு முட்டையிடும் கோழி உண்டு, வேறு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து நின்றார். கூடவே நானும் எங்கள் சபைக் காரியதரிசி ஞானதாசனும்.

"நாளைக்கு இருட்டுகதுக்கு முன்னால ஒழிஞ்சு தரணும் சொர்ணம். ஏழைகளுக்குச் செய்யுத காரியமாக்கும்."

"அப்ப நான் ஆரு முதலாளி? திவானா?"

"ஒனக்கும் வந்து கஞ்சி குடிக்கலாம்லா."

"எனக்க அடுப்ப இடிச்சுப்போட்டு, எனக்கே கஞ்சி ஊத்துவியளா? நல்ல கதை."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "மண்ணு எனக்கது. கூரையில கெடக்க ஓலையும் கம்பும் எனக்க தென்னையில வெட்டினது. பிரிச்சா எல்லாம் இஞ்சயே கெடக்கணும். பிரிக்காம எடுக்க ஒக்குமானா எடுத்தோண்டு போ, நான் ஏன்னு கேக்கல்ல."

சொர்ணம்மாள் ஞானதாசனைப் பார்த்தாள். "கேட்டியளா? நீங்க ரெண்டு பேரும் சாட்சி."

ஞானதாசன் ஆமென்று தலையாட்டினான். வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். தூணைக் கையால் அளந்தான். திரும்பும் வழியில் என்னிடம் கேட்டான்: "சப்பரம் இதைவிடக் கனம் இல்லியா மக்கா?"

"சம்மனசுக்கு வாளும் உண்டு. இவளுக்கு அதும் இல்ல" என்றேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. பங்குச் சுவாமியாரிடம் கேட்டோம். "வீடு கட்டப் போறீங்களா?" என்றார். "இல்ல சாமி, கொண்டுவரப் போறோம்" என்றான் ஞானதாசன். அவர் ஜெபப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சரி என்றார். சபைத் தலைவரிடம் கேட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் முப்பத்திரண்டு பேரும் விளையில் நின்றோம். தூண்களைச் சுற்றித் தோண்டி இளக்கினோம். சப்பரத் தண்டுகளை இருபக்கமும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினோம். சொர்ணம்மாளிடம் வெளியே வரச் சொன்னோம்.

"நான் எதுக்கு எறங்கணும்? எறங்கினா, ஒழிஞ்சு போனாண்ணு சொல்லுவாரு. நான் வீட்டுக்குள்ள இருக்கேன். வீடு எங்க போவுதோ அங்க போவேன். அடுப்பும் அணையாது."

ஆகவே குறுக்கே பலகை கட்டி, அடுப்பை மண்ணோடு பெயர்த்து அதில் வைத்தோம். மேலே கஞ்சிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மூலையில் கோழி பதினொரு முட்டைமேல் அடையிருந்தது. அதையும் யாரும் எழுப்பவில்லை.

தூக்கினோம். வீடு எழும்பியது. ஓர் அடி வைத்தோம், வீடு ஒருபக்கம் சாய்ந்தது. ஆளுக்கொரு கால் முந்தியது. அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. பதினாறு வருஷமாகச் சப்பரம் தூக்கிய எங்கள் கால்களுக்கு, மேளம் இல்லாமல் நடக்கத் தெரியாது. வேடிக்கை பார்த்தவர்கள் ஓடிப்போய் மேளக்காரர் நேசையனைக் கூட்டி வந்தார்கள். அவருக்கோ சப்பர அடியைத் தவிர வேறு அடி தெரியாது. கொட்டினார். கால்கள் சேர்ந்தன. வீடு மிதந்தது.

விளையிலிருந்து கோயிலுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு, நூறு அடி நடந்தால் போதும். ஆனால் கல்குருசடி என்ற சிலுவை மேடை வந்ததும் முப்பத்திரண்டு பேரும் இடப்பக்கம் திரும்பிவிட்டோம். மேளம் கேட்டால் அந்த இடத்தில் கால் இடப்பக்கம்தான் போகும். திருநாள் பாதை அது. இதை ஒரு தவறு என்றே சொல்ல வேண்டும். முன்தண்டில் இடது பக்கம் நின்றவன் என்ற முறையில் நான் வருந்துகிறேன்.

திருநாள் பாதை நேராக அல்போன்ஸ் முதலாளியின் வாசலுக்குப் போகும்.

கூரை வழியே அடுப்புப் புகை எழும்ப, அதைச் சாம்பிராணி என்று நினைத்துக் கிழவிகள் முழங்காலில் நின்றார்கள். உள்ளேயிருந்து சொர்ணம்மாள், "எழும்புங்கட்டி, நானாக்கும்!" என்று கையசைத்தாள். பாதிப் பேர் எழும்பவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த வீட்டு வாசலில் மெழுகுதிரி எரிகிறதோ அங்கே சப்பரத்தை இறக்க வேண்டும். வீட்டுக்காரி சப்பரத்தின்மேல் உப்பும் மிளகும் எறிந்து கும்பிடுவாள். பிறகு அந்த வீட்டு ஆண்பிள்ளை முன்தண்டுக்குத் தோள் கொடுத்து ஏழடி நடந்தால்தான் சப்பரம் நகரும். அவன் தோள் கொடுக்காவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

முதலாளியின் மனைவி அடுக்களையில் இருந்தாள். மேளச் சத்தம் காதில் விழுந்ததும் அவள் யோசிக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். மெழுகுதிரியைக் கொளுத்தி வாசலில் வைத்து, இரண்டு கை உப்பும் மிளகும் அள்ளி எறிந்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். நாங்கள் வழக்கப்படி இறக்கினோம். வீடு கச்சிதமாக வாசலை அடைத்து உட்கார்ந்தது.

முதலாளி சட்டை இல்லாமல் ஓடிவந்தார்.

"ஏலே! இது என்னதுலே?"

"ஒங்க உத்தரவுதான்" என்றான் ஞானதாசன். "பிரிக்கல்ல."

"எனக்க நடையிலயா கொண்டு வைக்கது? எடுங்கலே!"

"திரி எரியுது முதலாளி. நீங்க தோள் தராம எடுக்கது வழக்கமில்ல."

"இது சப்பரமாலே? வீடுலே!"

"உள்ள இருக்கது ஆருன்னு தண்டுக்குத் தெரியுமா?"

"போலீசுக்குச் சொல்லுவேன்!"

"சொல்லுங்க. என்ன சொல்லுவிய? நான் எடுக்கச் சொன்னேன், எடுத்துட்டானுவண்ணா?"

அதற்குள் சொர்ணம்மாள் விளக்குமாறோடு இறங்கி, முதலாளியின் முற்றத்தைப் பெருக்கத் தொடங்கியிருந்தாள். சாணி கரைத்துத் தெளித்தாள். அவருடைய செம்பருத்திச் செடியில் துணி காயப்போட்டாள்.

"நல்ல எடம். கடல்காத்து வருது" என்றாள் முதலாளியின் மனைவியிடம். "பக்கத்துப் பக்கத்து வீடு. இனி தீ வேணும்னா கேளுங்கம்மா, எனக்க அடுப்பு அணையாது."

முதலாளி வீட்டு முற்றத்தில் தேங்காய் ஏற்றிய இரட்டைமாட்டு வண்டி நின்றது. வெளியே போக வழியில்லை. ஊர் முழுக்க வேலியோரம் கூடியிருந்தது. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. வெயில் ஏறியது. நாங்கள் தண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தோம். யாரும் சண்டை போடவில்லை, யாரும் கெஞ்சவில்லை. நேசையன் மட்டும் இடையிடையே மேளத்தில் ஒரு தட்டு தட்டி, எங்களை நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "ஏழடிதான்" என்றார்.

"ஏழடிதான்" என்றேன் நான். அடி எண்ணுவது எப்போதும் என் பொறுப்பு.

தூக்கினோம். மேளம் கிளம்பியது. ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆறுக்கு வந்தேன். பிறகு ஆறே கால், ஆறரை, ஆறே முக்கால் என்று நியாயமாகத்தான் எண்ணிக்கொண்டு போனேன். ஏழு வரவில்லை. "ஏலே, எண்ணுகது சரியா?" என்று முதலாளி மூச்சிரைத்தார். "நடுவுல பேசினா விட்டுப்போவும் முதலாளி, திரும்ப ஒண்ணுலேருந்து வரணும்" என்றேன். அதன்பின் அவர் பேசவில்லை. கோயிலுக்குப் பின்னால் தோண்டிவைத்த நான்கு குழிகளில் தூண்கள் இறங்கியபோதுதான் ஏழு வந்தது.

அடையிருந்த கோழி பதினொரு குஞ்சுகளோடு இறங்கி வந்தது. இதை நம்பாதவர்கள் உண்டு. நான் எண்ணினேன். எண்ணுவதில் எனக்குள்ள நேர்மையை மேலே சொல்லியிருக்கிறேன்.

முதலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் தோலுரிந்து சிவந்திருந்தது. சொர்ணம்மாள் கஞ்சிப் பானையை இறக்கி, முதல் சிரட்டையை அவர் கையில் கொடுத்தாள். கூட ஒரு பிலாவிலையும் கோட்டிக் கொடுத்தாள்.

"நாளைக்குக் கல்லு போடுங்க, கொட்டகை கெட்டுங்க, ஊருக்கெல்லாம் ஊத்துங்க. நான் அங்க வரமாட்டேன். இண்ணைக்கு நான் ஊத்துகேன், நீங்க குடியுங்க."

முப்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இலையால் கோரி ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார்.

"உப்பு கூடிப்போச்சு."

"ஓலை வழியா விழுந்தது" என்றாள் சொர்ணம்மாள். "ஒங்க வீட்டு உப்பாக்கும்."

அவர் மீதியையும் குடித்தார்.