துரை பங்களாவில் குடியேறிய நாற்பத்தாறு குடும்பங்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடை கொஞ்சம் தடித்தால் குறை சொல்லாதீர்கள். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, செய்தித்தளம் ஒன்று போட்டிருந்த மண்சரிவு வரைபடத்தைப் போனில் தட்டிக்கொண்டிருந்தேன். சிவப்புப் புள்ளி ஆபத்து, பச்சைப் புள்ளிக்குப் பயமில்லை. நமுனுகுலப் பக்கம் ஒரு பச்சைப் புள்ளியை அழுத்தினால் ‘46 குடும்பங்கள்’ என்று வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி நின்றது தோட்ட மேலாளரான துரையின் பங்களாவில்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘மலை முகட்டில் மூடுபனி மெல்ல’

[வெட்டியாயிற்று. மலையகக் கதை என்றாலே பனியைக் கூப்பிட்டுவிடுகிறோம். எல்லாக் கதைக்கும் வருவதாகப் பனி நமக்கென்ன கைநாட்டுப் போட்டா கொடுத்திருக்கிறது?]

2

வரைபடத்தைச் செய்தவளுக்கு விதுஷா என்று பெயர் வைக்கிறேன். லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்; கொழும்பில் புலனாய்வுச் செய்திகளுக்குத் தரவுகளைத் திரட்டிப் படமாக்குவது அவள் தொழில். எந்தெந்த லயங்கள் சரியக்கூடிய நிலத்தில் நிற்கின்றன என்பதை வெளியே சொல்ல யாருக்கும் மனமில்லை. விதுஷா நான்கு மாதம் மல்லுக்கட்டினாள். தகவல் அறியும் சட்டத்தில் மனுப்போட்டு, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்திலிருந்து குடும்பப் பட்டியலை வாங்கினாள். அதை நிலத்தின் அபாய வரைபடத்தோடு சேர்த்தாள். யாரும் தங்கள் முகவரியை அடித்தால் வீடு நிற்கும் இடத்தின் நிறம் தெரியும்.

நல்ல வேலைதான். ஆனால் லயத்துக்கு ஏது முகவரி?

(நகரத்து வாசகருக்கு ஒரு குறிப்பு: வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள் லயம், அதில் ஓர் அறை காம்பரா. காம்பரா இலக்கம் தபாலுக்குத் தெரியாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்.)

பட்டியலில் நாற்பத்தாறு குடும்பங்களுக்கும் ஒரே வரி: தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு, நமுனுகுல. கணினி தோட்டத்தின் பெயரைத் தேடியது. பங்களாவும் ஆபீசும் சேர்ந்திருக்கும் மேட்டைக் கண்டது. அத்தனை பேரையும் அங்கே இறக்கிவிட்டது. அந்த மேடு கல்லுப்போல உறுதி. வெள்ளைக்காரன் தனக்குப் பார்த்த இடமல்லவா!

[இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. லயத்துப் பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது? அவளைக் கொழும்பில் பிறந்தவளாக மாற்றி எழுதிப் பார்த்தேன், பொய்யடித்தது. பிறகுதான் விளங்கியது. அவள் வளர்ந்ததே அந்த ஒற்றை வரி முகவரியில்தான். பட்டியலில் அதைப் பார்த்தபோது வீட்டுப் பெயரைப் பார்த்தமாதிரி கண் தாண்டிப் போய்விட்டது. வெளியாளாக இருந்திருந்தால், ‘என்னது, இத்தனை பேருக்கும் ஒரே முகவரியா?’ என்று கேட்டிருப்பாள்.]

3

கீழ்ப்பிரிவு லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்ததால், அந்த நாற்பத்தாறு குடும்பங்களும் இரண்டு வாரமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. வரைபடம் வெளிவந்த மறுநாள் கச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். போனை நீட்டிப் பச்சைப் புள்ளியைக் காட்டினார்.

“பத்திரிகைக்காரங்களே பச்சைன்னு போட்டுட்டாங்க. இனி எதுக்கு ஸ்கூல்ல கெடக்குறீங்க?”

அன்று மாலையே எல்லாரையும் லயத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். மாற்றுக் காணி கொடுக்கும் பட்டியலிலிருந்தும் பெயர்களை அடித்துவிட்டார்கள்.

செய்தி எட்டியதும் விதுஷா அடுத்த பஸ்ஸில் ஓடிவந்தாள். லயத்து வாசலில் கொழுந்தெடுக்கும் இராக்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வாங்க. நீங்கதானா எங்கள தொரை பங்களாவுல குடி வச்சது?”

விதுஷா தோள்பையைத் திண்ணையில் இறக்கி வைத்தாள்.

“நாலு தலமொறையா அந்த வாசப்படி மிதிக்க விட்டதில்லீங்க. நீங்க ஒரே நாள்ல நாப்பத்தாறு குடும்பத்தையும் உள்ள ஏத்திட்டீங்க. நல்லா இருப்பீங்க!”

“அக்கா, தப்பு என்னோடதுதான். லிஸ்ட்ல எல்லாருக்கும் ஒரே அட்ரஸ்...”

“எங்க அட்ரஸ் எப்பங்க எங்ககிட்ட இருந்துச்சு? அது ஆபீஸ்ல சொகமா இருக்கு. நாங்கதான் இங்க கெடக்குறோம்.”

இராக்கம்மா அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய், மண்ணில் விழுந்திருந்த வெடிப்புக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது.

“இதுக்கு என்ன கலருங்க?”

விதுஷாவுக்கு அழுகை வந்தது. அழுதாள் என்று எழுதலாமா என்று

[வேண்டாம். அவளுக்கு வேலை இருக்கிறது.]

போனை எடுத்து ஒவ்வொரு காம்பரா வாசலாக நின்று இடத்தைப் பதிந்தாள். இராக்கம்மா முன்னால் கத்திக்கொண்டே போனாள்: “வெளிய வாங்கடி, பங்களாவுல இருந்து எறக்குறாங்க!” சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள் எல்லாரும். நாற்பத்தாறு வாசல், நாற்பத்தாறு புள்ளி. அத்தனையும் சிவப்பு.

4

புதிய வரைபடத்தில் விதுஷா தன் பிழையை மறைக்கவில்லை. பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். விரலால் இழுத்தால் மேட்டிலிருந்த ஒற்றைப் பச்சை, நாற்பத்தாறு சிவப்பாகப் பிரிந்து பள்ளத்தில் இறங்கும். கீழே ‘தவறு எங்களுடையது’ என்று பெரிதாகப் போட்டு, கச்சேரிக்குக் கொண்டுபோனாள்.

அதே அதிகாரி இழுத்துப் பார்த்தார்.

“மொதல்ல பச்சைன்னீங்க. இப்ப செவப்புங்கிறீங்க. நாளைக்கு மஞ்சள்னு வந்து நிப்பீங்க. நாங்க எத நம்புறது?”

“லிஸ்ட் நீங்க குடுத்தது சேர்.”

“மேப் நீங்க போட்டது. தோட்ட நிர்வாகத்தோட கடிதம் கொண்டாங்க. பரிசீலிக்க மூணு வாரம் ஆகும்.”

காணிப் பட்டியல் மூடுவது வருகிற வெள்ளிக்கிழமை.

பிழையை ஒரே நாளில் நம்பிய மனிதருக்குத் திருத்தத்தை நம்ப மூன்று வாரம் வேண்டுமாம்! பச்சையை நம்பினால் பெயரை அடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சிவப்பை நம்பினால் காணி பார்க்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், துரையிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும். இதைத்தான் நான் எழுத வந்தேன். இவ்வளவு நேரம் சுற்றிவளைத்ததற்கு மன்னியுங்கள்.

5

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அதிகாரி மனம் மாறி வியாழக்கிழமையே பெயர்களைச் சேர்க்கிறார். வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

இன்னொன்றில் மலை இறங்குகிறது. பிறகு விதுஷாவின் வரைபடத்துக்குப் பரிசு கிடைக்கிறது. மேடையில் அவள்

[கிழித்துவிட்டேன். மண் சரிந்தால்தான் எங்கள் சனத்தின் கதை முடியும் என்று பழகிப்போன என் கையை என்ன செய்ய? பிணம் விழும்வரை வாசகன் காத்திருப்பான் என்று எனக்கு யார் சொன்னது?]

அதனால் புதன்கிழமையிலேயே நிறுத்துகிறேன். விதுஷா கச்சேரி வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இராக்கம்மாவும் அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே கோப்பு மேசைமேல் கிடக்கிறது.

முடிவை நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் யோசித்து முடிக்கும்வரை அந்த நாற்பத்தாறு குடும்பமும் வெடிப்புக்கு முன்னால்தான் படுத்தெழும்பும்.