பூக்கூடாரத்துக்குக் கீழே

வேலை முடிந்து லயத்து வரிசையில் இருந்த தன் வீட்டுக்கு வந்த வினோதா, தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கியதும் பதறிப்போனாள். தனுஷிகாவின் உதடும் நகங்களும் நீலம் பாரித்திருந்தன. காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை.

"என்னத்தடி குடுத்த?" என்று நாத்தனார் பூரணியை உலுக்கினாள்.

"பால்மாதான் அண்ணி. பீலியில வர்ற ஊத்துத் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுத்தான் கரைச்சேன்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சோதிக்க ஊசியில் எடுத்த பிள்ளையின் ரத்தம் சொக்லேட் நிறத்தில் இருந்தது.

"தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க? அதுக்கு மேல ஏதும் தோட்டம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

பீலிக்கு மேலே வினோதாவின் முதலாளி ஜீவராஜ் பூச்செடி வளர்க்கும் பொலித்தீன் கூடாரங்கள். அங்கே கார்னேஷன் செடிகளுக்கு உரம் கரைத்து ஊற்றுவதே அவள்தான். போன வருஷம் உரம் குறைந்து இலை மஞ்சளாகி, தண்டு குட்டையாகி, கொழும்புக்குப் போன பூவெல்லாம் திரும்பி வந்தன. அன்றிலிருந்து ஜீவராஜுக்குப் பயம். "குறைஞ்சாத்தான் மோசம். கூடப் போனா ஒண்ணும் ஆவாது, போடு" என்பார். பூ கெட்டால் வேலை போகும் என்று அவளும் அள்ளிப் போட்டாள். செடி குடித்தது போக மிச்சம் வடிகால் கானில் ஓடியது. அது எங்கே போகிறதென்று யாரும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த உரம்தான் தண்ணியில கலந்து கைப்பிள்ளை ரத்தத்தைக் கெடுத்திருக்கணும். கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்மா. வேற கைப்பிள்ளைங்க இருக்கா அங்க?"

வினோதா உடனே பூரணிக்குப் போன் பண்ணினாள். "வீரய்யா வீட்டுப் பிள்ளைக்கும் அந்தத் தண்ணிதான்! ஓடுடி!"

பூரணி போனபோது அங்கே பால் போத்தல் பிள்ளையின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பிடுங்கிக் கீழே கொட்டினாள்.

மருந்து ஏற ஏறத் தனுஷிகாவின் உதட்டில் சிவப்பு திரும்பியது. அப்போது செய்தி கேட்டு ஜீவராஜ் வந்தார்.

"எம்பேரச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க. கரைச்சது நான்தான்னும் சொல்லிட்டேன்."

அவர் வாங்குப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். "உரத்தக் கொறைச்சிடுறேன். மண்ணையும் சோதிக்கக் குடுக்கிறேன்."

"கொறைச்சாலும், ஏற்கெனவே மண்ணுல இருக்கிறது மழைக்கு மழை கீழ இறங்குமாம். டாக்டர் சொன்னாரு."

பிள்ளையோடு வீடு திரும்பியபோது லயத்துக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வந்திருந்தது. மேட்டில் மேகம் கறுத்தது. பீலிக்கு வந்து விழும் அந்த ஓடை இன்னும் எத்தனை லயங்களைத் தாண்டிப் போகிறதோ என்று நினைத்தாள். பிள்ளையைப் பூரணியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த லயத்தை நோக்கி இறங்கி ஓடினாள்.