பாத்துப் பிடி

பதினோராவது முறையும் பந்து சுண்டுவின் நெற்றியில்தான் போய் விழுந்தது. மெத்தென்ற துணிப்பந்து, அவளுக்கு வலித்திருக்காது. விளையாட்டு வாத்தியாருக்குத்தான் வலித்தது.

என்னதான் செய்யவில்லை இந்த மனிதர்? பலூனில் ஆரம்பித்தார். மெதுவாக மிதந்து வருவதைப் பிடிக்க எந்தப் பிள்ளைக்கும் நேரம் கிடைக்கும். அடுத்து கைக்குட்டை, அப்புறம் துணிப்பந்து. மூன்றடி, ஐந்தடி என்று தூரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். இரண்டாம் வகுப்பில் மற்ற எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். சுண்டு மட்டும் பந்து அவர் கையை விட்டுக் கிளம்பும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளைக் காது வரை தூக்கிவிடுவாள். பலூனுக்கே அப்படித்தான். வாத்தியாருக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிய்க்க அங்கே அதிகமில்லை.

"பந்தப் பாத்துப் பிடிம்மா. பாத்து... பாத்து..."

தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அவர் சட்டைப் பையில் சுண்டுவின் அம்மா எழுதிய கடிதம் கிடந்தது. மகளுக்கு அடிபடுகிறது, விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்குத் தர வேண்டும். தலைமையாசிரியை காலையிலேயே சொல்லிவிட்டார்: "இன்னிக்கு ஒரு தடவையாவது பிடிச்சா பாக்கலாம் சார். இல்லேன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. வகுப்புலயே உக்காந்து கணக்குப் போடட்டும்." ஏழு வயதில் உட்கார வைத்துவிட்டால் அப்புறம் எந்தக் காலத்தில் எழுந்திருப்பாள்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கடைசி மணிக்குச் சற்று முன் கடிதத்தை வாங்க அம்மா வந்து மைதானத்துப் படிக்கட்டின் மேல் நின்றாள். சுண்டு அவளிடம் ஓடிப்போய் முதல் படியில் கால் வைத்தாள்.

"பாத்துடீ, பாத்து..." என்றாள் அம்மா மேலிருந்து.

சுண்டு அப்படியே நின்றாள். கண் இறுக மூடியது. தோள் இரண்டும் காதுக்கு ஏறின.

வாத்தியார் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். மூன்று மாதமாகப் பந்தைப் பார்க்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இந்தப் பிள்ளையை நாளுக்கு நூறு தடவை பயமுறுத்தியது அவரேதானா? நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தப் 'பாத்து' அவளுக்கு 'விழப்போகிறாய்' என்றுதானே கேட்டிருக்கும்.

அவளைத் திரும்ப அழைத்தார். மார்க்கரால் பந்தில் பெரிதாக ஓர் எண்ணை எழுதி, ஐந்தடி தள்ளி நின்றார்.

"பிடிக்க வேணாம்மா. வரும்போது என்ன நம்பர்னு மட்டும் சொல்லு."

பந்து கிளம்பியது. கண் திறந்தே இருந்தது. மார்பில் பட்டு, நீண்டு வந்த விரல்களில் தட்டி, கீழே உருண்டது.

"மூணு," என்றாள் சுண்டு.

மணி அடித்தது. "பிடிக்கலையே சார்," என்று அம்மா கடைசிப் படிக்கு இறங்கி வந்து கடிதத்துக்குக் கையை நீட்டினாள்.

"கண்ண மூடலம்மா. கவனிச்சீங்களா?"

"பந்து கீழதான கெடக்கு?"

வாத்தியாருடைய பதிவேட்டிலும் பிடித்தாள், பிடிக்கவில்லை என்று இரண்டே கட்டம்தான். பார்த்தாள் என்பதற்கு இடமில்லை.

சுண்டு பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "வேற நம்பர் எழுதுங்க சார்."

எழுதினார். வீசினார். பழக்க தோஷத்தில் நாக்கு நுனிக்கு வந்த சொல்லை உதட்டைக் கடித்து நிறுத்தினார். பந்து காற்றில் இருந்தது. படிக்கட்டில் அம்மாவின் வாய் திறந்தது.