கெய்னிக் கடவுக்கு ஒரு சவாரி

ஒரு வீடு, ஒரு கடை, கிணறு, காய்ப்பு நிற்காத வால்நட் மரம், ஓடைக்கரையில் இரண்டு பேர் உட்காரத் தோதான பாறை: எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து நானூறு டாலர். கென்டக்கி அரசு டெல்மரின் அப்பாவுக்குக் கொடுத்த விலை அது. அப்பா கடைக்காரர். ஆறாயிரத்தில் ஆரம்பித்த பேரத்தை ஒரு கோடை முழுக்க இழுத்து அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். மரத்துக்குத் தனி விலை, கிணற்றுக்குத் தனி விலை. பாறைக்கு மட்டும் கேட்க விட்டுப்போயிற்று. அவர் அதில் உட்கார்ந்ததில்லை.

பிறகு அணை கட்டினார்கள். பள்ளத்தாக்கு ஏரியாயிற்று, ஏரியைச் சுற்றி மாநிலப் பூங்கா வந்தது. கூடாரம் அடிக்க இடம், காட்டுக்குள் நடைபாதை, மீன்பிடி மேடை, கரையில் வாடகைப் படகுகள். அந்தப் படகுகளுக்குப் பொறுப்பு இப்போது அறுபத்தொரு வயது டெல்மர். சின்சினாட்டிக்காரர்கள் காசு கொடுத்து அவருடைய அம்மாவின் சமையலறைக்கு மேலே துடுப்புப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மா இருந்தவரை அதற்குள் வந்தவர்களிடம் ஒரு சென்ட் வாங்கியதில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு, கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். தண்ணீர் வருமுன் மேட்டுக்கு மாற்றிய கல்லறைகளைத் தேடி, ஒஹையோவுக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் அன்றைக்குத்தான் வரும். அன்று மட்டும் டெல்மர் பச்சைப் படகை யாருக்கும் விடமாட்டார்.

"பச்சைப் படகு இன்னிக்கும் நோன்பா?" என்றாள் வில்மா. கூண்டில் உட்கார்ந்து சீட்டும் தூண்டில் புழுவும் விற்கிறவள் அவள்.

"அதுல ஓட்டை."

"வருஷா வருஷம் பூ வைக்கிற ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டை விழுதாக்கும். யோவ், அந்த நோலா வரமாட்டா. வந்தாலும் உன்னை அடையாளம் தெரியாது. அவ பாத்த காலத்துல உனக்கு முடி இருந்திருக்கும்."

வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள் ஒருத்தி கூண்டருகே வந்து நின்றாள். முகத்தில் டெல்மருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"கெய்னிக் கடவு வரைக்கும் போகணும். எவ்வளவு?"

பூங்கா வரைபடத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. அந்தி விரிகுடா என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்த இடம். இப்போது நாற்பதடி ஆழம். அதைப் பழைய பெயரால் கேட்க உலகத்திலேயே ஒரு கைவிரல் எண்ணிக்கை ஆட்கள்தான் மிச்சம். அந்தக் குரலில் கேட்க ஒருத்திதான்.

"மணிக்குப் பன்னிரண்டு டாலர், நோலா."

"உங்கப்பாவா இருந்தா எட்டுக்கு இறங்கியிருப்பார்."

"எங்கப்பா பத்துக்குக் கீழ இறங்கினதே இல்ல. நீ மறந்துட்ட."

வில்மா புழுப் பெட்டியைத் திறந்து, புழுக்களை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் கூடாரம் அடிக்கிற பக்கம் தொத்திறைச்சி வறுத்துக்கிட்டிருக்கார்" என்றாள் நோலா, படகில் கால் வைத்தபடி. "படகுன்னா அவருக்குத் தலை சுத்தும்."

வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார் என்று புத்தி இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மனசுதான் அந்தச் சரக்கைக் கொள்முதல் செய்யவில்லை. டெல்மர் துடுப்பைத் தண்ணீரில் போட்டார்.

இரண்டு மலைமுகடுகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்த்து, கடவோரத்துப் பாறைக்கு நேர்மேலே படகை நிறுத்தினார். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"ஏன் வரல டெல்மர்?"

"நானா? நீதான் வரல."

"சாயங்காலம் பாறைக்கு வான்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்பினேனே. ஷெரீஃப் ஆளுங்க எங்க சாமானையெல்லாம் ரோட்டுல வச்சுட்டாங்க. அப்பா லாரியில ஏத்திட்டு ஹாரன் மேல ஹாரன் அடிக்கிறார். உனக்கும் சேத்து இடம் போட்டு வச்சுட்டு, ரெண்டு மணி நேரம் இங்கயே உக்காந்திருந்தேன்."

"வந்தேன் நோலா. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, சூரியன் இறங்குற நேரத்துக்கு வந்தேன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "சூரியன் இறங்குற நேரத்துக்கா?"

அந்தப் பள்ளத்தாக்கில் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் சாயங்காலம். சூரியன் இறங்கினால் அது ராத்திரி. தொட்டில் குழந்தைக்குத் தெரியும், டெல்மருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வருஷம் அவர் அரசாங்க நில அளவைக்காரர்களுக்குச் அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தார். நகரத்து ஆட்கள். வேலை முடிந்து கை கழுவினால்தான் அவர்களுக்குச் சாயங்காலம். கூலி வாங்கிய கையோடு அவர்கள் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க நிலத்தை அளந்த சங்கிலிதானே?"

"அதேதான். நீ அதுக்குக் கோவிச்சுக்கிட்டுதான் போயிட்டேன்னு நெனச்சேன்."

"எங்கப்பா விக்க மாட்டேன்னு முரண்டு பிடிச்சாரே, அந்தக் குடும்பமே வேண்டாம்னு நீ ஒதுங்கிட்டேன்னு நான் நெனச்சேன்." அவள் சிரித்தாள். சிரிப்பு அளவுக்கு மேல் நீண்டது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு கையை மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டு அப்படியே வைத்திருந்தாள். டெல்மர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் அது பத்தொன்பது வயதுக் கையாகத் தெரிந்தது.

"அடியில இன்னும் இருக்குமா?"

"பாறைதானே. எங்க போகும்?"

கரைக்கு வந்ததும் நோலா பணப்பையைத் திறந்தாள். "ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. இருபத்தி நாலு."

"உள்ள வை. நீ அன்னிக்குக் காத்திருந்த ரெண்டு மணி நேரத்துல கழிச்சாச்சு."

"நீ எவ்வளவு நேரம் இருந்த?"

"நிலா வர்ற வரைக்கும். மூணு மணி நேரம்."

"அப்ப அது என் பாக்கி" என்றாள். அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லவில்லை. தொத்திறைச்சிப் புகை வந்த திசையில், மேட்டில் நின்று நின்று ஏறிப் போனாள்.

டெல்மர் தன் பையிலிருந்து இருபத்து நான்கு டாலர் எடுத்துக் கல்லாவில் போட்டார்.

"பச்சைப் படகுக் கணக்கு நேராயிருச்சு" என்றாள் வில்மா. "வேற ஏதாவது உண்டா?"

"மூணு மணி நேரம் வரவேண்டியிருக்கு."